இராஜபாளையம் நாயின் மிகை எடையைக் குறைத்தல்

தோட்டத்தைக் காக்கும் நாய்க்கு வயிறாரச் சோறு போடுவது உழவர் வீட்டு வழக்கம். தாராளமாகப் போட்டால் அதுவே அன்பு என்றும் நாம் எண்ணுகிறோம். ஆனால் வேலைக்கும் உடல்வாகுக்கும் மிஞ்சிய உணவு நாயின் ஆயுளைக் குறைக்கிறது. பசியால் வாடும் நாயைப் பார்த்து இரங்குகிறவர்கள், கொழுத்துப்போன நாயைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று மகிழ்வதைக் காண்கிறோம். இரண்டும் கவனிக்கப்பட வேண்டிய நிலைகளே.

திருவில்லிபுத்தூரிலிருந்து வன்னியம்பட்டி வழியாக இராஜபாளையம் வரையுள்ள பகுதி, தமிழகத்தின் புகழ்பெற்ற நாய் இனம் ஒன்றின் தாயகம் ஆகும். தூய வெண்ணிறமும், இளஞ்சிவப்பு மூக்கும், நீண்ட கால்களும், ஒடுங்கிய இடுப்பும் உடைய இராஜபாளையம் நாயை அறியாதவர் இல்லை. இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் வெளியிட்ட நான்கு நாய் இன அஞ்சல் தலைகளுள் ஒன்று இந்த இனத்தைக் காட்டுகிறது. இத்தகைய நாயை வைத்திருப்பவர்கள் அதன் எடையைச் சரியாக வைத்துக்கொள்ளும் முறையை அறிந்திருப்பது அவசியம். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற பிற இனங்களுக்கும், சாதாரண நாட்டு நாய்க்கும் இதே முறை பொருந்தும்.

ஓடிய நாய் கட்டுத்தறிக்கு வந்த கதை

இராஜபாளையம் நாய் பார்வையால் இரையைக் கண்டு விரட்டிப் பிடிக்கும் வேட்டை இனத்தைச் சேர்ந்தது. ஆழமான மார்பு, உள்வாங்கிய வயிறு, மெலிந்த நீண்ட கால் ஆகியவை ஓட்டத்திற்காக அமைந்தவை. முன்னாட்களில் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கு இவை பயன்பட்டன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை குற்றமாயிற்று. இன்று மேற்கே உள்ள மலைக்காடு முழுவதும் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்று 2021ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்படுகிறது. ஆகவே நாயின் பழைய வேலை போய்விட்டது. காவல் வேலை மட்டும் மீதி இருக்கிறது.

காவல் நாய் பெரும்பாலும் பகலில் கட்டப்பட்டே கிடக்கிறது. இரவில் அவிழ்த்துவிட்டாலும், வேலி போட்ட தோப்புக்குள் ஒரு சுற்று வந்து படுத்துவிடுகிறது. ஆனால் உணவு மட்டும் ஓடிய காலத்து அளவிலேயே போகிறது. போதாதற்கு பிஸ்கட், பால், இனிப்பு என்று புதிய பண்டங்களும் சேர்ந்துகொண்டன. வரவு கூடிச் செலவு குறைந்தால் மிச்சம் சேரும். வங்கியில் சேர்ந்தால் அது பணம். நாயின் உடலில் சேர்ந்தால் அது கொழுப்பு.

மிகை எடையால் விளையும் தீமைகள்

மெல்லிய கால்கள் மீது கனத்த உடல் ஏறினால் முதலில் பழுதாவது மூட்டுகள். நாய் படுத்த இடத்திலிருந்து எழத் தயங்கும். திண்ணை ஏற மறுக்கும். பின்பு மூச்சிரைப்பு வரும். உடலில் கொழுப்புப் போர்வை இருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் வெப்ப மயக்கம் வரும் அபாயம் மிகுதி. கணைய அழற்சி, நீரிழிவு போன்ற நோய்களுக்கும் இடம் உண்டு. அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதும் சிரமமாகிறது.

ஆயுள் குறைவதற்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, வாழ்நாள் முழுவதும் கவனித்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு தரப்பட்டது. 2002ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, குறைவாக உண்ட நாய்களின் நடு ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றிற்கு 11.2 ஆண்டுகள். மூட்டு நோய்க்கு மருந்து தேவைப்பட்டதும் சுமார் மூன்று ஆண்டுகள் தள்ளியே வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிகம் உண்ட நாய்கள் நடக்க முடியாத அளவு பருத்தவை அல்ல. நம் வீடுகளில் "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது" என்று சொல்லும் அளவே இருந்தன. அந்தக் கொஞ்சத்திற்கு விலை ஏறக்குறைய இரண்டு ஆண்டு வாழ்வு.

கையால் அறியும் முறை

நாயின் எடை கூடியிருக்கிறதா என்று அறியத் தராசு தேவையில்லை. கை போதும். ஒரு கையை இறுக்காமல் மூடிக்கொண்டு, மறு கை விரலால் முதலில் மடக்கிய விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள். பின்பு கையை விரித்துப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். கடைசியாக உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையைத் தடவிப் பாருங்கள். இதே விரலால் நாயின் விலாவைத் தடவுங்கள்.

1. விலா எலும்பு விரல் முட்டிபோல் துருத்தினால் நாய் மெலிந்திருக்கிறது.
2. புறங்கை எலும்புபோல், மெல்லிய தோலுக்கு அடியில் எளிதாகத் தட்டுப்பட்டால் எடை சரியாக இருக்கிறது.
3. உள்ளங்கைச் சதைபோல், அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் எடை கூடியிருக்கிறது.

அடுத்து, நாயை நிற்க வைத்து மேலிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால், வயிறு மார்பிலிருந்து பின்னோக்கி மேலே ஏற வேண்டும். இடுப்பு மறைந்து உடல் உருளைபோல் தோன்றினாலும், வாலின் அடியில் சதை திரண்டிருந்தாலும் மிகை எடை என்று கொள்ளலாம்.

இராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற ஓட்ட இனங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இவற்றில் கடைசி இரண்டு, மூன்று விலா எலும்புகள் லேசாகக் கண்ணுக்குத் தெரிவது இயல்பு. வெளியூரிலிருந்து வரும் உறவினர் இதைப் பார்த்து, "என்ன, நாயைப் பட்டினி போடுகிறீர்களா?" என்று கேட்பது உண்டு. அந்தப் பேச்சுக்குக் கூச்சப்பட்டுச் சோற்றைக் கூட்டியவர்கள் பலர். எலும்பு தெரியாத இராஜபாளையம் நாய் அழகாகத் தோன்றலாம். அது ஆரோக்கியத்தின் அடையாளம் அன்று.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுக

வயிறு பெருத்த நாயெல்லாம் கொழுத்த நாய் என்று முடிவு செய்யக் கூடாது. வயிறு மட்டும் பானைபோல் இருந்து, முதுகெலும்பும் விலாவும் துருத்தி நின்றால், அது குடற்புழுவாக இருக்கலாம். வயிற்றில் நீர் கோத்ததாகவும் இருக்கலாம். பெட்டை நாயாயின் சினையா என்று பார்க்க வேண்டும். சோம்பலுடன் இரு பக்கமும் முடி உதிர்ந்து, எப்போதும் கதகதப்பான இடத்தை நாடினால் தைராய்டு சுரப்பிக் குறைவு இருக்கலாம். மிகுதியாகத் தண்ணீர் குடித்து, மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும் நாய்க்கும் சோதனை தேவை. தோல் நோய்க்காக நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருந்தாலும் பசி கூடி எடை ஏறும். இவற்றில் எதற்கும் உணவைக் குறைப்பது மட்டும் மருந்தாகாது.

ஆகவே அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் ஒருமுறை காட்டி, "உணவால் வந்த எடைதான்" என்று உறுதி செய்தபின் தொடங்குவதே முறை. ஒரு வயது நிரம்பாத குட்டிகள், சினை நாய், பாலூட்டும் நாய் ஆகியவற்றிற்கு நாமாகவே உணவைக் குறைத்தல் கூடாது. கருத்தடை அறுவை செய்த நாய்க்கு உணவுத் தேவை குறைந்துவிடும். பழைய அளவையே தொடர்ந்தால் சில மாதங்களிலேயே எடை ஏறுவதைக் காணலாம்.

எடை போடுதலும் இலக்கு வைத்தலும்

வீட்டில் சிறிய எடைமேடை இருந்தால், நாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஏறி நின்று, பின் அவர் எடையைக் கழித்துக்கொள்ளலாம். பெரிய நாயைத் தூக்குவது கடினம். பருத்திக் கிட்டங்கி, உரக்கடை, நெல் மண்டி ஆகிய இடங்களில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருக்கும். அதில் ஒரு சாக்கை விரித்து நாயை நிற்கவைத்தால் வேலை எளிது. ஒவ்வொரு முறையும் அதே தராசில், காலையில் உணவுக்கு முன் நிறுக்க வேண்டும்.

இந்த இனத்து நாய்களின் உயரம் ஏறக்குறைய 65 முதல் 75 செ.மீ. வரை இருக்கும். எலும்புக் கட்டும் நாய்க்கு நாய் மாறும். ஆகவே "எல்லா நாய்க்கும் இவ்வளவு கிலோ" என்று ஒரே எடையை விதிக்க முடியாது. மருத்துவர்கள் நாயின் உடல் நிலையை 1 முதல் 9 வரை படிகளாகப் பிரித்துள்ளனர். 4, 5 ஆகிய படிகள் சரியானவை. ஐந்துக்கு மேல் ஒவ்வொரு படிக்கும் உரிய எடையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் என்று கணக்கிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு உள்ள ஐந்து வயது நாய் 34 கிலோ நிற்கிறது. அதன் நிலை 8ஆம் படி என்று மருத்துவர் கூறுகிறார். ஐந்துக்கு மேல் மூன்று படி, அதாவது 30 சதவீதம் கூடுதல். 34ஐ 1.3ஆல் வகுத்தால் ஏறக்குறைய 26 கிலோ. இதுவே இலக்கு. குறைய வேண்டியது 8 கிலோ.

வாரத்திற்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் வரை குறைவதே பாதுகாப்பானது. இந்த நாய்க்குத் தொடக்கத்தில் அது வாரம் 340 முதல் 680 கிராம். ஆகவே 8 கிலோ குறைய மூன்று மாதத்திற்கு மேல், ஆறு மாதம் வரை ஆகும். ஐந்து ஆண்டுகளில் ஏறியது ஐந்து நாளில் இறங்காது.

நாய் தின்பதைக் கணக்கிடுதல்

உணவைக் குறைக்குமுன், இப்போது என்ன தின்கிறது என்பதை மூன்று நாட்கள் ஒரு நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தாம் கொடுத்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் எடுத்துக்காட்டு நாயின் ஒரு நாள் கணக்கு பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம். (இங்கே கலோரி என்பது கிலோ கலோரியைக் குறிக்கும். அளவுகள் தோராயமானவை.)

காலை: பசும்பால் 250 மி.லி., பிஸ்கட் 8 - 325 கலோரி
நண்பகல்: சோறு 500 கிராம், எண்ணெய் மிதக்கும் குழம்பு - 750 கலோரி
மாலை: தேநீர் வேளையில் வடை 2 - 200 கலோரி
இரவு: தயிர்ச்சோறு 400 கிராம் - 450 கலோரி
மொத்தம் - 1,725 கலோரி

காலையில் பால் ஊற்றியவர் வீட்டுப் பாட்டி. பிஸ்கட் கொடுத்தவர்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். நண்பகலில் சோறு வைத்தவர் வீட்டம்மாள். வடையைப் பிட்டுப் போட்டவர் தோட்டத்து வேலையாள். ஒவ்வொருவரும் கொஞ்சமே கொடுத்தார்கள். நாய் மட்டும் எல்லாவற்றையும் தின்றது.

26 கிலோ எடையுள்ள, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளைக்கு 1,350 கலோரி அளவு போதும். கட்டியே கிடக்கும் நாய்க்கு அதுவும் மிகுதி. நாள்தோறும் 300 கலோரி மிஞ்சினால், ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பு சேர அதுவே போதும்.

இந்தப் பகுதிக்கே உரிய சில பண்டங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். திருவில்லிபுத்தூர் பால்கோவா 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய இனிப்பு. நமக்கு அது விருந்து. ஆனால் 50 கிராம் பால்கோவாவில் சுமார் 200 கலோரி உள்ளது. தேங்காய் உடைக்கும் களத்தில் நாய் தானாகவே தேங்காய்ச் சில்லையும் கொப்பரையையும் பொறுக்கித் தின்னும். 50 கிராம் தேங்காயில் 175 கலோரிக்கு மேல் உண்டு. கொப்பரையில் அதனினும் மிகுதி. மாம்பழக் காலத்தில் தோப்பில் விழுந்த பழமும் இப்படியே. அதன் கொட்டை குடலில் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. களத்தில் தேங்காய் காயும் நாட்களில் நாயை வேறு பக்கம் கட்டுவது நல்லது.

எடை குறைப்பு உணவு

எடை குறைய வேண்டிய நாய்க்குரிய கலோரியை இலக்கு எடையிலிருந்து கணக்கிட வேண்டும். இலக்கு எடையை 30ஆல் பெருக்கி, 70ஐக் கூட்டினால் ஒரு நாளைக்குரிய கலோரி கிடைக்கும். நம் நாய்க்கு 26 x 30 = 780; 780 + 70 = 850 கலோரி. கீழ்க்கண்ட உணவு இந்த அளவுக்குச் சரியாக வரும்.

அரிசி (சமைக்கும் முன்) 90 கிராம் - 315 கலோரி
பாசிப்பருப்பு அல்லது துவரம்பருப்பு 25 கிராம் - 85 கலோரி
தோல் நீக்கி வேகவைத்த கோழிக்கறி, எலும்பின்றி 150 கிராம் - 240 கலோரி
வேகவைத்த முட்டை 1 - 70 கலோரி
பூசணி, சுரை, பீன்ஸ் போன்ற காய் 200 கிராம் - 50 கலோரி
வெண்ணெய் எடுத்த மோர் 300 மி.லி. - 45 கலோரி
சமையல் எண்ணெய் 1 தேக்கரண்டி - 45 கலோரி
மொத்தம் - 850 கலோரி

இதில் சோறு குறைந்து கறியும் முட்டையும் இடம் பெற்றிருப்பதைக் கவனிக்கவும். எடை குறையும்போது கொழுப்புதான் கரைய வேண்டும். தசை கரையக் கூடாது. அதற்குப் புரதம் வேண்டும். பழைய உணவில் பாதியை அப்படியே குறைத்தால் சோறு மட்டுமே மிஞ்சி, நாய் தளர்ந்துபோகும். காய்களை வேகவைத்து மசித்துச் சோற்றோடு பிசைந்தால் தட்டு நிறையும்; வயிறும் நிறையும்.

கறி சமைக்காத வீடுகளில், கறிக்குப் பதிலாக மேலும் மூன்று முட்டை சேர்க்கலாம். எந்த வீட்டு உணவிலும் சுண்ணாம்புச் சத்தும் சில தாதுக்களும் குறைவாகவே இருக்கும். நாய்களுக்கென உள்ள தாது உப்புக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டும். மாட்டுக்கு வாங்கிய தாது உப்பை நாய்க்குப் போடுதல் கூடாது. கடையில் விற்கும் உலர் நாய் உணவைக் கொடுப்பவர்கள், பையின் மேல் அச்சிட்ட கலோரி அளவைப் பார்த்துத் தராசில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். எடை குறைப்பதற்கென்றே தயாரித்த வகையானால் மேலும் நன்று.

அரிசியையும் பருப்பையும் ஒவ்வொரு நாளும் நிறுக்க வேண்டியதில்லை. ஒருமுறை தராசில் நிறுத்து ஒரு டம்ளரில் போட்டு, அந்த மட்டத்தில் கோடு கிழித்துக்கொண்டால் போதும்.

படிப்படியாகக் குறைக்கும் முறை

முதல் வாரம்: பிஸ்கட், வடை, இனிப்பு, பால் ஆகியவற்றை மட்டும் நிறுத்துக. சோற்றில் கை வைக்க வேண்டாம்.

இரண்டாம் வாரம்: பழைய உணவில் பாதி, புதிய உணவில் பாதி எனக் கலந்து கொடுக்க. குழம்பை ஊற்றுவதை நிறுத்துக. குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைக் கெடுக்கக் கூடியவை என்பதால், எடை குறைந்தபின்னும் அது வேண்டாம்.

மூன்றாம் வாரம் முதல்: புதிய உணவை மட்டும் கொடுக்க. ஒரு நாள் அளவை இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்து, குறித்த நேரத்தில் வைக்க. பதினைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுக. குடிநீர் எப்போதும் இருக்க வேண்டும்.

இரண்டு வாரத்திற்கு ஒருமுறை எடை பார்க்க வேண்டும். வாரத்திற்கு 2 சதவீதத்திற்கு மேல் குறைந்தால் உணவை 10 சதவீதம் கூட்டுக. இரண்டு முறை நிறுத்தும் எடை அசையவில்லை என்றால், முதலில் யாராவது ஒளித்துக் கொடுக்கிறார்களா என்று பார்க்கவும். அப்படி இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு 10 சதவீதம் குறைக்கலாம். கடைசி விலாவுக்குப் பின்னால் இடுப்பின் சுற்றளவை நூலால் அளந்து முடிச்சுப் போட்டு வைத்தால், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். வீட்டாருக்கும் ஊக்கம் வரும்.

ஒரே கை, ஒரே தட்டு

இந்த முயற்சி தோற்றுப்போவது பெரும்பாலும் நாயால் அன்று, வீட்டாரால். ஆகவே முதல் நாளே எல்லோரையும் கூப்பிட்டு விவரம் சொல்லிவிட வேண்டும். நாய்க்கு உணவு வைக்கும் பொறுப்பை ஒருவரிடமே ஒப்படைக்கவும். பிள்ளைகளிடம் கொடுப்பது நல்லது. எழுதி வைக்கவும் அவர்கள் ஆர்வம் காட்டுவார்கள்.

பாட்டி மனம் கேட்காமல் ஏதாவது கொடுக்க விரும்புவார். அதற்கும் வழி உண்டு. நாயின் அன்றைய பங்கிலிருந்தே வேகவைத்த கறித் துண்டுகள் சிலவற்றை ஒரு கிண்ணத்தில் தனியே எடுத்து அவரிடம் கொடுத்துவிடலாம். வெள்ளரித் துண்டு, கேரட் துண்டு ஆகியவையும் கொடுக்கலாம். நாய்க்கு வேண்டியது பாட்டியின் கையிலிருந்து ஏதோ ஒன்று. அது பிஸ்கட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

நடைப்பயிற்சி

எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு உணவுக்கே. நடையால் மட்டும் எடை குறைவதில்லை. ஆனால் தசையைக் காக்கவும் மூட்டு இறுகாமல் இருக்கவும் நடை உதவும். முதல் வாரத்தில் காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும். வாரம் ஐந்து நிமிடமாகக் கூட்டி, அரை மணி நேரம் வரை கொண்டுபோகலாம். மெதுவாக நடத்த வேண்டும். கொழுத்த நாயை மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓட விடுவது மூட்டையும் இதயத்தையும் ஒருங்கே கெடுக்கும்.

வெயில் ஏறுமுன்னும் சாய்ந்தபின்னும் மட்டுமே நடத்துக. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு பொறுக்கவில்லை என்றால் நாய்க்கும் பொறுக்காது. வரப்பும் வண்டிப்பாதையும் நல்லவை. நாக்கு நீண்டு தொங்க இரைத்து, எச்சில் வழிந்து, தள்ளாடினால் வெப்ப மயக்கம் என்று அறிந்து, நிழலில் கிடத்தி உடல் முழுவதும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

ஓட்ட இன நாய் ஆட்டையும் கோழியையும் முயலையும் கண்டால் சொல் கேளாது. வெள்ளை நிற நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. ஆகவே வெளியே போகும்போது கயிற்றில் பிடித்தே போகவும். காட்டோரம் அவிழ்த்துவிடுவது நாய்க்கும் கேடு, சட்டப்படியும் தவறு.

உழவர்கள் கேட்கும் ஐயங்கள்

கேள்வி: கூழ் ஊற்றினால் நாய் இளைக்கும் என்கிறார்களே, கம்பங்கூழ் கொடுக்கலாமா?
பதில்: கொடுக்கலாம். ஆனால் 100 கிராம் கம்பு மாவிலும் 100 கிராம் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றே. கூழில் தண்ணீர் மிகுதி என்பதால் வயிறு நிறையும், அவ்வளவே. மாவின் அளவை நிறுத்தே போட வேண்டும்.

கேள்வி: வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் விரைவில் குறையாதா?
பதில்: வேண்டாம். பட்டினி கிடந்த நாய் குப்பையைக் கிளறும். அடுத்த வீட்டில் திருடும். ஒவ்வொரு நாளும் அளவாகக் கொடுப்பதே பயன் தரும்.

கேள்வி: சாப்பிட்டபின்னும் தட்டருகில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. மனம் கேட்கவில்லை. என்ன செய்வது?
பதில்: அந்தப் பார்வை பெரும்பாலும் பழக்கத்தால் வருவது. அந்த நேரத்தில் நாயை அழைத்துக்கொண்டு தோப்பில் ஒரு சுற்று வாருங்கள். இரண்டு, மூன்று வாரங்களில் அடங்கிவிடும். காய் அளவைச் சற்றுக் கூட்டினாலும் தவறில்லை.

கேள்வி: மனிதர்கள் எடை குறையச் சாப்பிடும் மாத்திரையைக் கொடுக்கலாமா?
பதில்: கூடவே கூடாது. உயிருக்கே ஆபத்தாகலாம். வேகவைத்த எலும்பு, சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை கலந்த இனிப்பு ஆகியவற்றையும் விலக்க வேண்டும்.

கேள்வி: இளைத்துவிட்டால் காவலுக்கு உதவுமா?
பதில்: இளைத்தால்தான் உதவும். கனத்த நாய் படுத்த இடத்தில் குரைக்கும். உரிய எடையுள்ள நாய் வேலி வரை ஓடிப் போய்க் குரைக்கும்.

இலக்கை எட்டியபின்

26 கிலோ வந்துவிட்டது என்று பழைய தட்டை எடுத்துவிடக் கூடாது. உணவை 10 சதவீதம் கூட்டி இரண்டு வாரம் பாருங்கள். இன்னும் குறைந்தால் மேலும் 10 சதவீதம் கூட்டுக. எடை ஒரே நிலையில் நிற்கும் அளவே அந்த நாயின் நிரந்தர அளவு. பின்பு மாதம் ஒருமுறை எடை போட்டு, விலாவைக் கையால் தடவிப் பார்த்தால் போதும். மீண்டும் ஒரு கிலோ ஏறியவுடனே கவனித்தால் திருத்துவது எளிது.

முடிவுரை

எடையைச் சீராக்கச் செலவு அதிகம் இல்லை. கோடு கிழித்த ஒரு டம்ளர், ஒரு நோட்டுப் புத்தகம், வீட்டாரின் ஒற்றுமை ஆகியவையே தேவை. பால் கறக்கும் மாட்டுக்குத் தீவனத்தை நிறுத்துப் போடும் உழவர், வாய் திறந்து கேட்காத காவல்காரனுக்கும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரவில் ஒரு சத்தம் கேட்டு நாம் எழுவதற்கு முன்பே எழுந்து ஓடுவது அந்த நாய்தான். அது இன்னும் இரண்டு ஆண்டு நம் தோப்பில் ஓட வேண்டுமானால், இன்று மாலை அதன் விலாவைத் தடவிப் பார்ப்பதில் தொடங்குவோம்.